ஆள் மாறினாலும் அசராத ஆல்பங்கள்

இங்கிலாந்தின் லஃப்பரோ நகரில் தேவாலயங்களுக்கு மணி வார்த்துக் கொடுக்கும் ஜான் டெய்லர் நிறுவனத்துக்கு 1980-ல் ஒரு விசித்திரமான ஆர்டர் வந்தது. கேட்டவர்கள் பாதிரியார்கள் அல்ல. ஏசி/டிசி என்கிற ராக் இசைக்குழு. மேடையில் தொங்கவிட ஒரு டன் எடையில் வெண்கல மணி வேண்டும் என்றார்கள். மணி தயாராவதற்கு முன்பே அதன் ஓசை ஆல்பத்துக்குத் தேவைப்பட்டது. ஒலிப்பதிவுப் பொறியாளர் டோனி பிளாட், அதே ஊரிலுள்ள போர் நினைவுக் கோபுரத்து மணியைப் பதிவுசெய்யப் போனார். மணியை அடித்ததும் கோபுரத்தில் அடைந்திருந்த பறவைகள் படபடவென்று எழும்பிப் பறந்தன. மணியோசையோடு சிறகோசையும் டேப்பில் ஏறிவிட்டது. வேறு வழியில்லாமல் ஆலைக்காரர்கள் வேலையை முடுக்கினார்கள். நடமாடும் ஸ்டூடியோ வண்டி ஆலைக்கே போனது. மணியை வார்த்தவரே அதை அடிக்க, பதிவு முடிந்தது.

'பேக் இன் பிளாக்' ஆல்பத்தின் முதல் ஒலி அதுதான். கிட்டார் வருவதற்கு முன்னால், டிரம்ஸ் வருவதற்கு முன்னால், மணி. இறந்துபோன பாடகர் பான் ஸ்காட்டுக்காக அடித்த மணி.

1980 பிப்ரவரி 19. முந்தைய இரவு லண்டனில் குடித்துவிட்டு, நண்பரின் காரிலேயே தூங்கிப்போன பான் ஸ்காட் பிறகு எழுந்திருக்கவில்லை. வயது 33. ஏழு மாதங்களுக்கு முன்பு வெளியான 'ஹைவே டு ஹெல்', அமெரிக்கச் சந்தையில் குழுவுக்கு அப்போதுதான் கதவைத் திறந்திருந்தது. குழுவின் கிட்டார் கலைஞர்களான அண்ணன் மால்கம் யங்கும் தம்பி ஆங்கஸ் யங்கும் குழுவைக் கலைத்துவிடலாமா என்றுகூட யோசித்தார்கள். நிறுத்திவிடாதீர்கள் என்று ஊக்கம் கொடுத்தவர்கள் பான் ஸ்காட்டின் குடும்பத்தார்.

அடுத்து வந்தவர் பிரையன் ஜான்சன். நியூகாசிலைச் சேர்ந்த 'ஜோர்டி' குழுவில் பாடி, எழுபதுகளின் தொடக்கத்தில் கொஞ்சம் பேர் வாங்கி, பிறகு காணாமல்போனவர். 32 வயதில் கார்களுக்கு வினைல் கூரை போடும் தொழில் செய்துகொண்டிருந்தார். இவரைப் பற்றி முதலில் வாய் நிறையப் புகழ்ந்தவரே பான் ஸ்காட்தான் என்பது விநோதம். ஒருமுறை ஜோர்டியின் கச்சேரியைப் பார்த்தபோது, பாடகர் கத்திக்கொண்டே மேடையில் விழுந்து புரண்டாராம். இப்படியொரு ஆட்டத்தைப் பார்த்ததே இல்லை என்று பான் ஸ்காட் சிலாகித்ததை ஆங்கஸ் நினைவில் வைத்திருந்தார். உண்மையில் அன்றைக்கு ஜான்சனுக்குக் குடல்வால் வலி!

ஏப்ரலில் எல்லோரும் பஹாமாஸ் தீவில் இருக்கும் காம்பஸ் பாயின்ட் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். கடற்கரை, வெயில், சொகுசு என்று நினைத்தால் அது தப்பு. போன நேரம் புயலும் மழையும். கரண்ட் அடிக்கடி போனது. கருவிகள் சுங்கத்தில் மாட்டிக்கொண்டன. அக்கம்பக்கத்தில் திருட்டு பயம் இருந்ததால், தங்குமிடத்தைப் பார்த்துக்கொண்ட அம்மணி ஆளுக்கொரு மீன் குத்தும் ஈட்டியைக் கொடுத்து, ராத்திரி பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார். இந்தச் சூழலில் ஒருவர் உட்கார்ந்து, இறந்தவரின் இடத்தில் பாட வேண்டிய பாட்டுக்களுக்கு வரி எழுத வேண்டும். தலைப்புப் பாட்டு பான் ஸ்காட்டுக்கான அஞ்சலி. ஆனால் ஒப்பாரியாக இருக்கக் கூடாது, கொண்டாட்டமாக இருக்க வேண்டும் என்று சகோதரர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். வெளியே இடித்த இடியும் மழையும் 'ஹெல்ஸ் பெல்ஸ்' பாட்டின் தொடக்க வரிகளுக்குள் புகுந்துகொண்டதாக ஜான்சன் பலமுறை சொல்லியிருக்கிறார்.

அட்டை முழுக்கக் கறுப்பு. எழுத்தாவது கண்ணுக்குத் தெரிய வேண்டாமா என்று ரெக்கார்டு கம்பெனி அடம்பிடித்ததால், குழுவின் பெயரைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு மட்டும் போட்டார்கள். 1980 ஜூலை 25 அன்று ஆல்பம் வந்தது. பிரிட்டனில் முதலிடம், அமெரிக்காவில் 4-ஆம் இடம். அமெரிக்காவில் மட்டும் 2.5 கோடிக்கு மேல், உலகெங்கும் சுமார் 5 கோடி பிரதிகள் விற்றதாகக் கணக்கு.

அந்த ஆண்டையே கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். பிப்ரவரியில் பான் ஸ்காட். மே 18 அன்று, அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்குக் கிளம்ப வேண்டியதற்கு முந்தைய நாள், 'ஜாய் டிவிஷன்' பாடகர் இயன் கர்ட்டிஸ் தற்கொலை செய்துகொண்டார். செப்டம்பர் 25 அன்று 'லெட் செப்லின்' டிரம்ஸ் கலைஞர் ஜான் பானம் இறந்தார். மூன்று குழுக்களும் மூன்று முடிவெடுத்தன. ஏசி/டிசி அதே பெயரில் தொடர்ந்தது. ஜாய் டிவிஷன்காரர்கள், நம்மில் ஒருவர் இல்லையென்றால் அந்தப் பெயர் வேண்டாம் என்று முன்பே பேசிவைத்திருந்ததால், 'நியூ ஆர்டர்' என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள்; கில்லியன் கில்பர்ட்டைச் சேர்த்துக்கொண்டு, சிந்தசைசரின் பக்கம் திரும்பி, 1983-ல் 'பவர், கரப்ஷன் அண்ட் லைஸ்' கொடுத்தார்கள். லெட் செப்லின் டிசம்பரில் கடையைக் கட்டியது. மூன்றில் எதையும் தப்பு என்று சொல்ல முடியாது. பானம் இல்லாமல் லெட் செப்லின் புது ஆல்பம் எதுவும் பதிவுசெய்யவில்லை. அதுவும் நல்லதுதான்.

அதே 1980-ல் இன்னொரு மாற்றமும் ஆல்பமாக வெளிவந்தது. அதில் மரணம் இல்லை. குடியும் போதையும் இருந்தன. 1979-ல் பிளாக் சபாத் தன் பாடகர் ஆஸி ஆஸ்போர்னை வெளியே அனுப்பியது. போதையில் வேலைக்கே வராத ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது கிட்டார் கலைஞர் டோனி அயோமியின் வாதம். மற்றவர்களும் அப்படியொன்றும் துளசி தீர்த்தம் குடித்துக்கொண்டிருக்கவில்லை. டிரம்ஸ் வாசித்த பில் வார்ட், அடுத்த ஆல்பத்தைப் பதிவுசெய்தது தனக்கு நினைவே இல்லை என்று பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

ஆஸியின் இடத்துக்கு வந்தவர் ரோனி ஜேம்ஸ் டியோ. உயரம் குறைவு, குரல் மட்டும் ஒரு ஆள் உயரம் கூடுதல். 'ரெயின்போ' குழுவிலிருந்து வந்தவர். இங்கேதான் சங்கீத விஷயம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆஸி பெரும்பாலும் கிட்டார் போகிற வழியிலேயே பாடுவார். அயோமியின் கிட்டார் என்ன மெட்டில் நகர்கிறதோ, குரலும் அதே மெட்டில் நகரும். 'அயர்ன் மேன்' பாட்டைக் கேட்டால் தெரியும். டியோ அப்படியில்லை. கிட்டார் ஒரு பக்கம் போகும், அவர் குரல் அதன் குறுக்கே தனி மெட்டு போட்டுப் போகும். இதனால் தன் கிட்டாருக்கும் புதிய இடம் கிடைத்தது என்று அயோமியே எழுதியிருக்கிறார். குரலுக்கு வழிவிட்டு, பின்னணியில் ஸ்வரக்கட்டுகளை அடுக்கி வாசிக்கும் வேலை வந்தது. 1980 ஏப்ரலில் வெளியான 'ஹெவன் அண்ட் ஹெல்' ஆல்பத்தில் 'சில்ட்ரன் ஆஃப் தி சீ' பாட்டைக் கேட்பவருக்கு இது விளங்கிவிடும். பத்தாண்டுகள் பழகிப்போன ஒரு கைக்கு, புதுத் தொண்டை புது வேலை கொடுத்திருக்கிறது.

துரத்தப்பட்ட ஆஸியும் சும்மா இருக்கவில்லை. ராண்டி ரோட்ஸ் என்ற இளம் கிட்டார் கலைஞரோடு அதே ஆண்டு செப்டம்பரில் 'பிளிஸார்ட் ஆஃப் ஆஸ்' வெளியிட்டார். ஒரே பிரிவினையில் இரண்டு நல்ல ஆல்பங்கள். ரசிகர்களுக்கு லாபம்.

இந்தக் கதைகளின் ஓரத்தில் ஒருவர் ஓசைப்படாமல் நின்றுகொண்டிருக்கிறார். பெயர் மார்ட்டின் பர்ச். 'ஹெவன் அண்ட் ஹெல்' ஆல்பத்தின் தயாரிப்பாளர். 1969-ல் டீப் பர்ப்பிள் தன் பாடகரையும் பேஸ் கலைஞரையும் மாற்றிய பிறகு செய்த 'இன் ராக்' ஆல்பத்தின் ஒலிப்பதிவுப் பொறியாளர்களில் இவரும் ஒருவர். நான்காண்டு கழித்து அதே குழு மறுபடியும் பாடகரையும் பேஸ் கலைஞரையும் மாற்றியபோதும் ஒலிப்பதிவில் இவர்தான் இருந்தார். 1982-ல் அயர்ன் மெய்டன் பாடகரை மாற்றிச் செய்த 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்' ஆல்பத்தைத் தயாரித்ததும் இவரே. ராக் வரலாற்றில் புதிதாக வந்த பாடகர்களை மைக் முன்னால் நிறுத்திப் பழகிய அனுபவம் இவருக்கு இருந்த அளவுக்கு வேறு யாருக்கும் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அயர்ன் மெய்டனுக்கு வந்த புதுப் பாடகர் புரூஸ் டிக்கின்சன் ஒரு சம்பவம் சொல்வார். தலைப்புப் பாட்டின் தொடக்கம் மெல்லிய குரலில் வரும் சில வரிகள். கடினமான மேல்ஸ்தாயி எதுவும் இல்லை. ஐந்து நிமிட வேலை என்று நினைத்துப் போனார். பர்ச் திரும்பத் திரும்பப் பாடவைத்தார். மணிக்கணக்காகியும் விடவில்லை. டிக்கின்சனுக்குக் கோபம் தலைக்கேறியபோது பர்ச் சொன்ன பதில்: 'ஹெவன் அண்ட் ஹெல்' பாட்டின் முதல் வரிக்காக டியோவையும் இப்படித்தான் வாட்டினாராம், உன் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு வரியில் தெரிய வேண்டும் என்றாராம். அந்த மெல்லிய வரிகளுக்குப் பின்னால் டிக்கின்சன் போடும் நீண்ட அலறலில் அன்றைய எரிச்சல் மொத்தமும் இருக்கிறது. இவ்வளவு செய்தும் அந்த ஆல்பத்தில் பாடலாசிரியர் என்று அவர் பெயர் எங்கேயும் வராது. பழைய குழுவான 'சாம்சன்' காலத்து ஒப்பந்தச் சிக்கல் இன்னும் தீராமல் இருந்தது. ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அயர்ன் மெய்டனுக்கு அதுதான் முதல் முதலிடம்.

டீப் பர்ப்பிள் விவகாரம் கொஞ்சம் கசப்பானது. 1969 கோடையில், பழைய பாடகர் ராட் எவன்ஸும் பேஸ் கலைஞர் நிக் சிம்பரும் மேடையில் வாசித்துக்கொண்டிருந்த அதே நாட்களில், மேற்கு லண்டனில் ஹான்வெல் சமூகக் கூடத்தில் இயன் கில்லனும் ரோஜர் குளோவரும் ஒத்திகைக்கு வந்துபோனார்கள். கச்சேரி பழையவர்களோடு, ஒத்திகை புதியவர்களோடு. விஷயம் பழையவர்களுக்குத் தெரியாது. ஒழுங்கு நியாயம் பார்த்தால் இது கூடாத வேலைதான். ஆனால் 1970 ஜூனில் வந்த 'இன் ராக்' ஆல்பத்தில் பத்து நிமிடங்களுக்கு மேல் ஓடும் 'சைல்டு இன் டைம்' பாட்டை, முந்தைய அணியை வைத்துக் கற்பனை செய்துபார்க்கவே முடியாது. கில்லனின் குரல் முனகலில் ஆரம்பித்து வீறிடல்வரை ஏறும் அந்த ஏற்றத்துக்காகவே கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோரும் ஆர்கன் கலைஞர் ஜான் லார்டும் காத்திருந்த மாதிரி இருக்கும். 1973-ல் கில்லனும் குளோவரும் விலக, துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த டேவிட் கவர்டேல் பாடகரானார். 1974-ல் 'பர்ன்' வந்தது. அதுவும் சோடைபோகவில்லை.

இதுவரை சொன்னவற்றில் அதே பெயரில் தொடர்ந்த குழுக்களுக்கெல்லாம் ஒரு பொது அம்சம் உண்டு. போனவர் பாடகர், பாட்டைக் கட்டுகிற கை போகவில்லை. ஏசி/டிசிக்கு யங் சகோதரர்கள், சபாத்துக்கு அயோமி, மெய்டனுக்கு பேஸ் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸ், பர்ப்பிளுக்கு பிளாக்மோர். ரசிகர்கள் முகத்தையும் குரலையும் பார்த்துக் குழுவே போச்சு என்று பதறுகிறார்கள். உள்ளே பாட்டு பிறக்கும் இடம் பத்திரமாக இருக்கிறது.

ஃபிளீட்வுட் மேக் இதற்கு நேரெதிர். அங்கே கட்டுகிற கை மாறிக்கொண்டே இருந்தது. தாளம் மட்டும் மாறவில்லை. 1967-ல் புளூஸ் கிட்டார் மேதை பீட்டர் கிரீன் தொடங்கிய குழு அது. டிரம்ஸ் வாசித்த மிக் ஃபிளீட்வுட், பேஸ் வாசித்த ஜான் மெக்வி இருவரின் பெயரையும் சேர்த்து வைத்தார். வைத்தவர் 1970-ல் போய்விட்டார். மற்ற கிட்டார் கலைஞர்களும் அடுத்தடுத்துப் போனார்கள். ஜெரெமி ஸ்பென்சர் 1971-ல் லாஸ் ஏஞ்சலிஸ் ஹோட்டலிலிருந்து புத்தகக் கடைக்குப் போய்வருகிறேன் என்று கிளம்பியவர், சில நாள் கழித்து ஒரு மதக்குழுவில் சேர்ந்துவிட்ட நிலையில் கண்டுபிடிக்கப்பட்டார். டேனி கிர்வான் 1972-ல் கச்சேரிக்கு முன்னால் கிட்டாரை உடைத்துவிட்டு மேடையேற மறுத்தார், விலக்கப்பட்டார். பாப் வெஸ்டனுக்கும் மிக் ஃபிளீட்வுட்டின் மனைவிக்கும் உறவு என்று தெரிந்ததும் 1973-ல் அவரும் வெளியே. 1974-ல் மேலாளர், பெயர் என்னுடையது என்று சொல்லி, சம்பந்தமே இல்லாத வேறு ஆட்களை ஃபிளீட்வுட் மேக் என்று அமெரிக்க மேடைகளுக்கு அனுப்பிவிட்டார். வழக்கு நீதிமன்றம்வரை போனது. அந்த ஆண்டு முடிவில் பாப் வெல்ச்சும் விலகினார்.

1974 இறுதியில், ரெக்கார்டிங்குக்கு இடம் தேடி மிக் ஃபிளீட்வுட் லாஸ் ஏஞ்சலிஸின் சவுண்ட் சிட்டி ஸ்டூடியோவுக்குப் போனார். ஸ்டூடியோவின் ஒலித்தரத்தைக் காட்டுவதற்காகப் பொறியாளர் கீத் ஓல்சன் ஒரு பாட்டைப் போட்டார். லின்ட்சி பக்கிங்காம், ஸ்டீவி நிக்ஸ் என்ற காதல் ஜோடி போட்டு, விற்காமல்போன ஆல்பத்திலிருந்து 'ஃபுரோசன் லவ்'. ஸ்டூடியோவைப் பார்க்க வந்தவருக்குக் கிட்டார் பிடித்துப்போனது. பக்கிங்காமை மட்டும் கூப்பிட்டார். ஸ்டீவியும் வந்தால்தான் வருவேன் என்றார் அவர். பாதி மனதோடு சேர்த்துக்கொண்டதாகச் சொல்லப்படும் அந்தப் பெண்தான் பின்னாளில் குழுவின் முகமானார்.

1975-ல் குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்டு வந்த ஆல்பம், ஓராண்டுக்கு மேல் ஊர்ந்து ஊர்ந்து அமெரிக்காவில் முதலிடத்தை எட்டியது. அடுத்தது 'ரூமர்ஸ்'. 1976-ல் கலிஃபோர்னியாவின் சாசலிட்டோவில் பதிவு தொடங்கும்போது ஜான் மெக்வியும் குழுவிலேயே இருந்த அவர் மனைவி கிறிஸ்டின் மெக்வியும் பிரிந்திருந்தார்கள். லின்ட்சியும் ஸ்டீவியும் முறித்துக்கொண்டிருந்தார்கள். மிக் ஃபிளீட்வுட்டின் குடும்பமும் உடைந்துகொண்டிருந்தது. ஒருவர் மற்றவரைத் திட்டி எழுதிய பாட்டுக்கு அந்த மற்றவரே கிட்டார் வாசிக்க வேண்டும், கோரஸ் பாட வேண்டும். இந்தக் கிசுகிசுப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்தது. அதிகம் பேசப்படாதது டேப்பின் கதை.

அந்தக் காலத்து 24 டிராக் டேப்பில் டிரம்ஸை முதலில் பதிவுசெய்து, மேலே குரல், கிட்டார் என்று சேர்த்துக்கொண்டே போவார்கள். ஒவ்வொரு முறையும் முழு டேப்பும் இயந்திரத்தின் வழியே உரசி ஓட வேண்டும். இவர்கள் மாதக்கணக்கில் சேர்த்தார்கள், அழித்தார்கள், மறுபடி சேர்த்தார்கள். ஒருநாள் கேட்கும்போது டிரம்ஸ் மழுங்கியிருந்தது. சிம்பலின் கணீர் சத்தம் காணோம். டேப் தேய்ந்து, மேல் அலைவரிசைகள் உதிர்ந்துவிட்டிருந்தன. நல்லவேளையாக, தொடக்கத்தில் பதிவுசெய்த தாளத்தின் இன்னொரு பிரதி, அதிகம் ஓடாமல் பத்திரமாக இருந்தது. இரண்டு டேப்புகளையும் பக்கத்துப் பக்கத்து இயந்திரத்தில் ஓடவிட்டு, ஹெட்போனில் ஒரு காதில் பழையது, இன்னொரு காதில் புதியது என்று கேட்டபடி, வேகத்தைக் கையால் கூட்டிக் குறைத்து, அடிக்கு அடி பொருத்தினார் ஒரு தொழில்நுட்பக்காரர். பிரிந்த மனிதர்கள் ஒட்டவில்லை; டேப் ஒட்டிவிட்டது. 1977 பிப்ரவரியில் வெளியான 'ரூமர்ஸ்' அமெரிக்காவில் 31 வாரம் முதலிடத்தில் இருந்தது. 4 கோடிக்கு மேல் விற்றது. சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதும் கிடைத்தது. குழுவின் 11-ஆவது ஸ்டூடியோ ஆல்பம் இது. பெரும்பாலானவர்கள் முதலோ இரண்டாவதோ என்றே நினைத்திருப்பார்கள்.

வெளியாள் தேடித் தேடிக் களைத்து, கடைசியில் வீட்டுக்குள்ளேயே பாடகரைக் கண்டெடுத்த கதை 'ஜெனிசிஸ்' குழுவுடையது. 1975-ல் பீட்டர் கேப்ரியல் விலகியபோது, பூவாகவும் நரியாகவும் வேடம் கட்டி மேடையேறிய அவர்தான் எல்லாமே என்று பத்திரிகைகள் எழுதின. மற்றவர்கள் இசையைப் பதிவுசெய்துகொண்டே பாடகர்களைச் சோதித்தார்கள். யாரும் ஒத்துவரவில்லை. அதுவரை டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து கோரஸ் பாடிக்கொண்டிருந்த ஃபில் காலின்ஸ், 'ஸ்குவாங்க்' பாட்டைப் பாடிக் காட்டினார். விஷயம் முடிந்தது. 1976 பிப்ரவரியில் வந்த 'எ டிரிக் ஆஃப் தி டெய்ல்' பிரிட்டனில் 3-ஆம் இடம் பிடித்தது.

எல்லாப் புதியவர்களுக்கும் இந்த வரவேற்பு கிடைத்துவிடவில்லை. 1986 செப்டம்பரில் ஸ்வீடனில் பேருந்து கவிழ்ந்து மெட்டாலிகாவின் பேஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்தார். ஜேசன் நியூஸ்டெட் வந்தார். 1988-ல் வெளியான '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' ஆல்பத்தில் அவர் வாசித்த பேஸை எவ்வளவு நல்ல ஸ்பீக்கரில் தேடினாலும் கிடைக்காது. கலவையின்போது அதன் ஒலியைக் குறைத்துவைத்தார்கள். துக்கம் ஆறாதவர்கள் புது ஆள் மீது காட்டிய கோபம் என்பது ஒரு விளக்கம். கிட்டாரும் பேஸும் ஒரே தாளத்தை ஒரே இடத்தில் வாசித்ததால் ஒன்றில் ஒன்று கரைந்தது என்பது இன்னொன்று. பாட்டுக்கள் பிரமாதம். ஆனால் ஆள் மாறிய ஆல்பங்களில், வந்தவரின் சத்தமே கேட்காத ஆல்பம் இது ஒன்றாகத்தான் இருக்கும். பேஸை உயர்த்தி ரசிகர்கள் தாங்களாகவே கலந்த பிரதிகள் இணையத்தில் உலவுகின்றன.

தோற்றவையும் உண்டு. பாடகர் ஜிம் மாரிசன் இறந்த மூன்றே மாதத்தில், 1971 அக்டோபரில் 'தி டோர்ஸ்' கொண்டுவந்த 'அதர் வாய்சஸ்' எடுபடவில்லை. கேப்ரியல் போனபோது தப்பித்த ஜெனிசிஸ், காலின்ஸ் போனபோது தப்பிக்கவில்லை. ரே வில்சனைப் பாடவைத்து 1997-ல் வந்த 'காலிங் ஆல் ஸ்டேஷன்ஸ்' அமெரிக்காவில் சரிந்து, அங்கே நடக்கவிருந்த சுற்றுப்பயணமே ரத்தானது. அயர்ன் மெய்டன் தொண்ணூறுகளில் பிளேஸ் பெய்லியைக் கொண்டுவந்து, டிக்கின்சன் உச்சஸ்தாயியில் பாடிய பழைய பாட்டுக்களை மேடையில் அவருடைய கனத்த குரலில் பாடவைத்தது. அவர் திணறினார், பழியையும் அவரே சுமந்தார். ஜான்சனுக்கும் டியோவுக்கும் அவர்கள் தொண்டைக்கென்றே பாட்டு பிறந்தது. பெய்லிக்குப் பாதி மேடை முன்னவரின் பாட்டு.

புதிதாகக் கேட்பவர்கள் இவற்றைத் தனித்தனியாகக் கேட்பதைவிட ஜோடியாகக் கேட்பது நல்லது. 'ஹைவே டு ஹெல்' முடிந்ததும் 'பேக் இன் பிளாக்'. அயர்ன் மெய்டனின் முந்தைய ஆல்பமான 'கில்லர்ஸ்' முடிந்ததும் 'தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்'. போனவர் என்ன கொண்டுபோனார், வந்தவர் என்ன கொண்டுவந்தார் என்பது அப்போதுதான் காதில் விழும். விற்பனையில் 'பேக் இன் பிளாக்' ஆல்பத்துக்கே முதலிடம். பாட்டுக்குப் பாட்டு நேர்த்தியில் 'ரூமர்ஸ்' முந்தும். ஆனால் ஆள் மாறியதால் இசையே மாறிய ஆல்பம் எது என்று கேட்டால், பரிசு 'ஹெவன் அண்ட் ஹெல்' ஆல்பத்துக்கே.